இம்பெல்லருக்கு வைத்த பொட்டு

மாலத்தீவு, தண்ணீர் ஆலை
14 மார்ச் 2025

ஐஸ்வர்யாவின் அம்மாவுக்கு,

முதலில் சட்டப்படி ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். சுடலைமாடசாமி கோயிலில், ஊர் பார்க்க, எரிகிற சூடத்தைக் கையால் அடித்து நான் செய்த சத்தியம் இதுதான்: "என் மூணாவது ராக் மறுபடி நிறையுத வரைக்கும் இவகிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன்." பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகவே கடிதத்துக்குத் தடை இல்லை. போனுக்குத் தடை. வாட்ஸ்அப்பில் எழுதுவது பேச்சா எழுத்தா என்று எனக்கே சந்தேகமாக இருப்பதால் அதற்கும் தடை. சந்தேகத்தின் பலனைச் சுடலைக்குக் கொடுத்துவிட்டேன்.

ஊரில் இதைப் புருஷன் பெண்டாட்டி சண்டை என்று பேசுவார்கள். இல்லை, இது கொள்ளை. இருபத்தொன்பது வருடமாக நான் சேர்த்த பம்ப் உதிரிபாகங்கள். முத்தையாபுரம் கோடவுனில் நாலு ராக், ராக்குக்கு அறுபது பிஸ்கட் டின். மகள் வீட்டுக்கு ஐந்தே நாள் பெங்களூர் போய்விட்டு வந்து ஷட்டரைத் தூக்கினேன். என் இருமல் எனக்கே திரும்பி வந்தது. அவ்வளவு காலி. எல்லாம் பழைய இரும்பு மாசானத்தின் மினி லாரியில் ஏறிப் போயிருந்தது. "என் சாமானெல்லாம் எங்களா?" என்றேன். நீ கட்டைவிரல் அகலத்தில் ஒரு பென் டிரைவை நீட்டினாய். "இந்தா, இதுக்குள்ள இருக்கு." கையில் மைசூர்பாகுப் பெட்டியோடு நான் அன்று நின்ற நிலை, திருவிழா முடிந்த மறுநாள் பந்தக்கால் நிற்கிற நிலை.

ஆகவே பழைய வாடிக்கைக்காரர் கூப்பிட்டதும் இந்தத் தீவுக்கு ஓடி வந்துவிட்டேன். கடல் தண்ணீரை நல்ல தண்ணீர் ஆக்குகிற ஆலைக்கு போர்மேன். ஐம்பத்துமூன்று வயதில் வீட்டை விட்டு ஓடுகிறவனுக்கு இதைவிட நல்ல பதவி எங்கே கிடைக்கும்? இங்கே கடலைப் பார்த்தால் கடல் மாதிரியே இல்லை. நம் ஊர்க் கடல் காலையில் எழுந்து வேலைக்குப் போகிற கடல். இது லீவு போட்டுவிட்டுப் படுத்துக் கிடக்கிற கடல். பக்கத்தில் உட்கார்ந்தால் நமக்கும் கண் சொருகுகிறது. கோபத்தைக் காப்பாற்றுவதே பெரும்பாடாக இருக்கிறது.

வெங்காயமும் சிமென்டும் இறக்கிவிட்டுத் தூத்துக்குடி திரும்பும் தோணியில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். தோணியை ஓட்டும் தண்டல் ஜீவமணி வழியில் படித்துவிடுவான். அதனால்தான் கையெழுத்தை அழகாக எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கதுரை
(ராக் இல்லாதவன்)

*

முத்தையாபுரம்
2 ஏப்ரல் 2025

ஐஸ்வர்யா அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வெங்காய வாசனையோடு வந்தது. ஜீவமணி அண்ணன் படிக்கவில்லையாம். ஆனால் "மைசூர்பாக என்ன செஞ்சிய மதினி?" என்று மட்டும் கேட்டார்.

கொள்ளை என்று எழுதியிருக்கிறீர்கள். கொள்ளைக்காரி யாராவது திருடுகிற சாமானை ஒவ்வொன்றாக எடுத்து அளந்து, பெயர் எழுதி, முகத்துக்குப் பவுடர் போட்டுவிட்டு அனுப்புவாளா? இருபத்திரண்டு வருடம் பாலிடெக்னிக் லேபில் வெர்னியர் அளவுகோல் பிடித்தவள் நான். ஆயிரத்து நூற்று நாற்பது உருப்படி, நீங்கள் வெளி வேலைக்குப் போகிற மத்தியானங்களில் நாலு மாதம். லாரி வந்தது மட்டும்தான் அந்த ஐந்து நாளில். பித்தளை பளபளத்தால், சாமானின் உருவத்தை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றுகிற ஸ்கேனருக்குக் கண் கூசுகிறது, விளிம்பு தெரிவதில்லை. அதற்கென்று ஒரு ஸ்பிரே உண்டு. அது வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். நான் வீட்டில் இருந்த முகப்பவுடரை எடுத்துத் தடவினேன். பக்கத்து வீட்டு சண்முகத்தாய் எட்டிப் பார்த்து, "ஏளா, இதுகளப் பொண்ணு பாக்க யாரும் வாராகளா?" என்றாள்.

அந்த வேலை எப்படி இருந்தது என்று நீங்கள் ஒருதரம்கூடக் கேட்கவில்லை. மத்தியான வெயிலில் ஷட்டரை இறக்கிவிட்டால் கோடவுன் கிணறு மாதிரி ஆகிவிடும். சுழல்கிற தட்டில் ஒரு புஷ்ஷை, அந்தப் பித்தளை வளையத்தை, வைப்பேன். அது தேர் மாதிரி மெல்லத் திரும்பும். நீலமாக ஒரு வெளிச்சக்கோடு அதன் மேல் ஏறி இறங்கும். இறங்க இறங்க அதே புஷ் திரையில் புள்ளி புள்ளியாக உதிக்கும். எடை இல்லாமல், துரு இல்லாமல். இதற்காகத்தான் கிடந்தாயா இத்தனை காலம் என்று ஒவ்வொன்றையும் கேட்கத் தோன்றும்.

உங்கள் நாலு ராக்கிலும் வருடத்துக்கு எத்தனை உருப்படி அசைந்தன? எனக்குத் தெரியும், நான் எழுதவில்லை. தேவைப்படுகிற இடத்தில், தேவைப்படுகிற அன்றைக்குச் சாமானையே பிளாஸ்டிக்கில் முழு உருவமாக அச்சடித்துக்கொள்ளலாம் என்று ஆன பிறகு எதற்கு எல்லாவற்றையும் சுமந்துகொண்டு நிற்க வேண்டும்?

விற்றதற்கு வேறு ஒரு காரணமும் உண்டு. அதை எழுத மாட்டேன்.

செண்பகம்

*

மாலத்தீவு
29 ஏப்ரல் 2025

ஐஸ்வர்யாவின் அம்மாவுக்கு,

"வேறு ஒரு காரணம்" என்று எழுதிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாய். இங்கே ஒருவன் மூன்று வாரமாகச் சோறு இறங்காமல் கிடக்கிறான். (இறங்குகிறது. இங்கே மாசிக் கருவாட்டுக் குழம்பு பிரமாதம்.)

என்னோடு வேலை பார்க்கிற எஞ்சினியர் பெனிஸ்டன், நம் திரேஸ்புரத்துப் பையன். அவனும் உன் கட்சி. "அண்ணாச்சி, இனிமே சாமான் பயணம் போவாது, அதோட ஜாதகம்தான் போவும். போய்ச் சேர்ந்த எடத்துல பொறந்துக்கும்" என்று சொல்கிறான். நான் கேட்டேன்: "ஏலே, பசிக்கிறவனுக்கு இட்லியோட ஜாதகத்தக் காட்டினா ஏப்பம் வருமா?" அவன் சிரித்தான். ஆனால் கட்சி மாறவில்லை.

நேற்று மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்தபோது ஒரு கனவு. நம் கோடவுன் கடலுக்கு அடியில் இருக்கிறது. சங்கு குளிக்கப் போகிறவனைப் போல இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குகிறேன். ராக்குகள் பாசி பிடித்து நிற்கின்றன. பிஸ்கட் டின்கள் முத்துச்சிப்பி மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. ஒன்றைப் பிளந்து பார்த்தால் முத்து இல்லை, முக்கால் இஞ்ச் வாஷர். எனக்கு ஆனந்தக் கண்ணீர். தண்ணீருக்குள் கண்ணீர் எப்படித் தெரிந்தது என்று கேட்காதே, கனவு. மேலே பார்த்தால் கயிற்றின் அந்த முனையைப் பிடித்திருப்பது நீ. மூன்று தரம் இழுக்கிறாய். மேலே வா என்று அர்த்தம். நான் வரவில்லை. இன்னும் ஒரு டின், இன்னும் ஒரு டின் என்று போய்க்கொண்டே இருக்கிறேன். மீன்கள் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கின்றன.

இன்னொன்று. இந்த ஆலைக்குக் கடல் தண்ணீர் இழுத்துக் கொடுக்கிற பம்ப் இருக்கிறதே, அதற்குள் சுற்றுகிற இம்பெல்லர், ஆறு இறகு வைத்த பித்தளைச் சக்கரம், அதே மாதிரி ஒன்று நம் மூணாவது ராக்கில் ஏழாம் நம்பர் டின்னில் இருந்தது. பதினொரு வருடம் இருந்தது. ஒருவனும் கேட்கவில்லை. இருக்கட்டும் என்று வைத்திருந்தேன். அந்த "இருக்கட்டும்" என்ற சொல்லுக்கு உன் கம்ப்யூட்டரில் இடம் உண்டா?

தங்கதுரை

*

முத்தையாபுரம்
9 மே 2025

ஐஸ்வர்யா அப்பாவுக்கு,

இதுதான் கடைசித் தோணி. அடுத்த வாரத்திலிருந்து கடல் மோசம். தோணிகளைக் கட்டிப் போட்டுவிடுவார்கள். இனி செப்டம்பரில்தான். ஜீவமணி அண்ணன் வாசலில் அவசரப்படுத்துகிறார்.

உங்கள் கனவைப் படித்தேன். நான் சிரிக்கவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியவேண்டும்.

"இருக்கட்டும்" இருக்கிறது. கோப்பு எண் 412. ராக் மூன்று, டின் ஏழு. ஒரு பிரதி என்னிடம், ஒன்று ஐஸ்வர்யாவிடம், ஒன்று எங்கேயோ மேகத்தில்.

நாலு மாதத்துக்குக் கோபத்தை நனையாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

செண்பகம்

*

மாலத்தீவு
11 ஜூன் 2025, காலை

செண்பகத்துக்கு,

இது தாளில் எழுதி, பெனிஸ்டன் போனில் படம் பிடித்து அனுப்பிய கடிதம். தாளில் எழுதியதால் இது கடிதமே. போட்டோ எடுத்ததால் மட்டும் பேச்சு ஆகிவிடாது. சுடலைக்கு எதிர்க்கருத்து இருந்தால் செப்டம்பரில் பார்த்துக்கொள்ளலாம்.

வேடிக்கை அவ்வளவுதான். நேற்று சாயங்காலம் பம்ப்பின் இம்பெல்லர் உடைந்துவிட்டது. இரண்டு இறகு தூள்தூளாகி வந்தது. மாற்று இம்பெல்லர் ஆலையில் ஒன்று இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்பே போட்டுவிட்டார்கள். இப்போது உடைந்தது அதுதான். தயாரித்த கம்பெனி ஐரோப்பாவில். கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வருவதால் பதினான்கு வாரம் என்று பதில் போட்டார்கள். மிகவும் மரியாதையான பதில். தோணி இல்லை. இங்கிருந்து மாலேவுக்குப் போகிற படகும் காற்றில் நின்றுவிட்டது.

தீவில் அறுநூற்றுச் சொச்சம் பேர். தொட்டியில் இருப்பது, குடிக்க மட்டும் என்று அளந்து கொடுத்தால், ஆறு நாள் தண்ணீர். சுற்றிலும் கடல் நீலமாகப் பளபளக்கிறது. நான் கரையில் நின்று பார்க்கிறேன். இவ்வளவு தண்ணீருக்கு நடுவில் இவ்வளவு தாகத்தை யார் கொண்டு வைத்தது என்று தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஒரு பிரிண்டர் இருக்கிறது. இதுவரை ஆமை பொம்மைச் சாவிக்கொத்து மட்டும் அச்சடித்திருக்கிறார்கள்.

ராக் மூன்று. டின் ஏழு.

வேறு ஒன்றும் எழுத வரவில்லை.

தங்கதுரை

*

முத்தையாபுரம்
11 ஜூன் 2025, பத்து மணி

ஐஸ்வர்யா அப்பாவுக்கு,

412 அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதத்தை நீங்கள் படிக்கும் முன்பே அது அங்கே வந்து உட்கார்ந்திருக்கும்.

பித்தளை இருந்திருந்தால் என்று நினைப்பீர்கள். நினைக்காதீர்கள். இருந்திருந்தாலும் அது இங்கே, நீங்கள் அங்கே. திருவனந்தபுரம் விமானம், மாலே சுங்கம், நின்றுபோன படகு. உங்கள் ஆறு நாள் அதற்குள் தீர்ந்துவிடும்.

இறகு நிற்கிற வாக்கில் வைத்து அச்சடிக்கக் கூடாது, படுக்கை வாக்கில். உள்ளே காலியிடம் விடாமல் கெட்டியாக. பிளாஸ்டிக்தான், ஆயுசு கம்மி. ஒன்று ஓடும்போதே அடுத்ததை அச்சடித்து வையுங்கள். பள்ளிக்கூட வாத்தியாரிடம் என் நமஸ்காரம் சொல்லுங்கள்.

செண்பகம்

*

மாலத்தீவு
13 ஜூன் 2025, காலை

செண்பகத்துக்கு,

பதினொரு மணி நேரம் அச்சடித்தது. தீவில் பாதிப் பேர் பள்ளிக்கூட ஜன்னலில் நின்று பார்த்தார்கள். ஆமைக்கு வாங்கிய பிளாஸ்டிக் என்பதால் இம்பெல்லர் பச்சை. தளிர்ப் பச்சை. கையில் எடுத்தால் எடையே இல்லை. ஏதோ ஒரு இம்பெல்லர் கண்ட கனவு மாதிரி இருந்தது.

பம்ப்பில் மாட்டி ஓட்டினோம். தண்ணீர் வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் மீசையை முறுக்கினேன். பதினொரு நிமிடம். அப்புறம் பம்ப் பல்லைக் கடிக்கிற சத்தம். ஆட்டம். நிறுத்திக் கழற்றிப் பார்த்தால் ஒரு இறகில் கீறல். சுற்றுகிறபோது ஏதோ ஒன்று வெளிக்கூட்டில் உரசியிருக்கிறது.

நேற்று மத்தியானம் முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டு கடல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கட்டைவிரலால் தடவிக்கொண்டே வந்தேன். நடுவில், தண்டோடு பூட்டுவதற்குச் சாவி போடுகிற வெட்டுக்கு இடப்பக்கம், ஒரு மேடு. துவரம்பருப்பு அளவு. வட்டம்கூட இல்லை, கொஞ்சம் கீழே இழுத்த வட்டம்.

எனக்கு எங்கேயோ தெரிந்த மேடு. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி தடவினேன். முப்பது வருடமாக வீட்டு நிலைப்படியில், கிரைண்டரில், என் ஸ்கூட்டர் ஹெட்லைட்டில் பார்த்த மேடு.

செண்பகம், இது நீ வைத்த பொட்டு.

ஆயுதபூஜைக்கு நீ ஒவ்வொரு டின்னாகத் திறந்து ஒவ்வொரு உருப்படிக்கும் சந்தனம் வைப்பாயே. "ஒண்ணுக்கு வச்சு ஒண்ணுக்கு வைக்காம விட்டா மனசு சங்கடப்படும்லா" என்பாயே. காய்ந்து கல்லானதன் மேல் பவுடரைத் தடவி ஸ்கேன் எடுத்திருக்கிறாய். அந்த மிஷினுக்கு எது பித்தளை, எது பக்தி என்று எப்படித் தெரியும்? கடல் தாண்டி அதையும் சேர்த்துப் பெற்றுப் போட்டுவிட்டது.

அரம் வைத்து ராவிவிடவா? பிளாஸ்டிக் இன்னும் ஒரே ஒரு இம்பெல்லருக்குத்தான் இருக்கிறது. தண்ணீர் நாலு நாளைக்கு.

தங்கதுரை

*

முத்தையாபுரம்
13 ஜூன் 2025, மத்தியானம்

ஐஸ்வர்யா அப்பாவுக்கு,

படித்துவிட்டு, சந்தனம் தொட்ட என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சண்முகத்தாய் வந்து, "ஏளா, என்ன முழி முழிக்க, கரண்டு போயிட்டா?" என்றாள். லேபில் வருடா வருடம் நான் பிள்ளைகளுக்குச் சொன்ன முதல் பாடம், அளக்கும் முன் துடை. துடைக்காமல் விட்டவள் நான். சாமிக்கு வைத்ததைத் துணியால் துடைக்கக் கை வரவில்லை என்பதுதான் நிஜம். அதன் மேல் பவுடரைப் போட்டு என்னிடமிருந்தே மறைத்துவிட்டேன்.

அரத்தைத் தொடாதீர்கள். பொட்டு மட்டும் இல்லை. மூன்று இறகுகளில் சந்தனப் பட்டையும் இழுத்திருக்கிறேன், பதினொரு ஆயுதபூஜை. அதனால்தான் கனம் ஒரு பக்கம் சாய்ந்து ஆடியிருக்கிறது. நான் கோப்பிலேயே சரி செய்கிறேன். சுத்தமான இறகு ஒன்றை எடுத்து அதையே ஆறாக வைத்துவிடலாம். ஆனால் எந்த இறகு சுத்தம் என்று திரையில் தெரியவில்லை. உங்கள் கையில் உடைந்த பித்தளைச் சக்கரத்தில் மிச்சமுள்ள இறகு இருக்கிறது, வெர்னியர் இருக்கிறது. கடிதம் எழுதிப் படம் பிடித்துக்கொண்டிருக்க நேரம் இல்லை.

நாலு மணிக்குப் போன் செய்வேன். எடுங்கள். சூடம் அடித்தது நீங்கள், நான் இல்லை. நான் பேசுவேன். நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம். ஸ்பானரால் மேஜையில் தட்டுங்கள். ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு தட்டு என்றால் இல்லை.

செண்பகம்

*

மாலத்தீவு
15 ஜூன் 2025

செண்பகத்துக்கு,

ஓடுகிறது. நேற்றுக் காலையிலிருந்து நிற்காமல் ஓடுகிறது. சத்தமே இல்லை, பூனை தூங்குகிற மாதிரி ஒரு உறுமல், அவ்வளவுதான். தொட்டியில் தண்ணீர் ஏறுகிற சத்தத்தைக் கேட்க ஊரே வந்து சுவரில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறது. பள்ளிக்கூட வாத்தியார் பச்சைச் சக்கரத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார். அது உள்ளே சுற்றிக்கொண்டிருப்பதால் என்னைக் கட்டிப் பிடித்தார்.

அந்த நாற்பது நிமிடப் போனைப் பற்றிப் பெனிஸ்டன் தீவு முழுக்கச் சொல்லிவிட்டான். "இறகு கனம் நாலு மில்லிமீட்டரா?" டொக் டொக். "நாலரையா?" டொக். "சரியா அளந்தியளா, இல்ல சும்மா தட்டுதியளா?" டொக். அதற்கு ஒரு தட்டு என்றால் எதற்கு ஆமாம் என்று நீ கோபப்பட்டாய். நான் இருமினேன். இருமல் பேச்சில் சேராது. பெனிஸ்டன், "அண்ணாச்சி, ரெண்டு பேரும் வாயத் திறந்து பேசின காலத்துலகூட இவ்வளவு ஒத்துப்போயிருக்க மாட்டிய" என்றான். நான் மேஜையில் ஒரு தட்டுத் தட்டினேன்.

பிளாஸ்டிக் கொண்டுவர ஆளிடம் சொல்லியிருக்கிறேன், காற்று அடங்கியதும் வரும். உன் கட்சி ஜெயித்தது என்று எழுத மாட்டேன். பாதி ஜெயித்தது. டின்னில் பித்தளையாக இருந்தபோது உன் பொட்டு யாரையும் தொந்தரவு செய்யவில்லை.

பொட்டு வைத்த முதல் சக்கரம் என் தலையணைப் பக்கத்தில் இருக்கிறது.

தங்கதுரை

*

முத்தையாபுரம்
22 ஜூன் 2025

அத்தான்,

தண்ணீர் வந்ததில் சந்தோஷம். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. வேண்டுமென்றே விட்டீர்களா என்று தெரியவில்லை.

போனை வைக்கும் முன் நான் கடைசியாக ஒன்று கேட்டேன். "வீட்டுக்கு வருவியளா?" ஒரு தட்டு கேட்டது. உடனே லைன் அறுந்துவிட்டது. அது ஒரு தட்டா, அல்லது இரண்டு தட்டில் முதல் தட்டா? ஒன்பது நாளாக என் காதில் அந்த ஒரு தட்டு மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

பதில் எழுதும் முன் இதையும் படித்துவிடுங்கள். எழுத மாட்டேன் என்ற காரணம் இதுதான்.

ஏப்ரலில் நீங்கள் எழுதியது கனவு இல்லை. ரெண்டாயிரத்து இருபத்துமூன்று டிசம்பர் வெள்ளத்தில், கோடவுனுக்குள் மார்பளவுத் தண்ணீர் இருந்தபோது, "ராக் சாஞ்சிரும்ளா, விடு" என்று நீங்கள் உள்ளே இறங்கினீர்கள். இடுப்பில் நைலான் கயிறு. அந்த முனையை ஷட்டருக்கு வெளியே நான் பிடித்திருந்தேன். தண்ணீர் ஏற ஏற மூன்று தரம் இழுத்தேன். நீங்கள் வரவில்லை. மறுபடி இழுத்தேன். கயிறு தளர்ந்து கையோடு வந்தது, முனையில் நீங்கள் இல்லை. எங்கோ மாட்டிக்கொண்டதால் அவிழ்த்துவிட்டேன் என்று பிற்பாடு சிரித்தீர்கள். அந்தக் கால் மணி நேரம் நான் ஒரு வெறும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் தலைக்கு மேலே ஒரு பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தீர்கள். ஏழாம் நம்பர். அதை ஊரெல்லாம் வேடிக்கையாகச் சொன்னீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் காப்பி கொடுத்தேன்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அடுத்த வெள்ளத்தில் நீங்கள் இறங்குவதற்கு அங்கே ஒன்றும் இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் நனையாத இடத்தில் கொண்டு வைத்துவிட வேண்டும். ஒரு வருடம் எடுத்துப் படித்தேன், ஸ்கேனர் வாங்கினேன், பவுடர் போட்டேன். உங்களிடம் கேட்டிருந்தால் ஒரு கதை சொல்லிச் சிரிக்க வைத்து மறக்கடித்திருப்பீர்கள். அதனால்தான் கேட்கவில்லை. அது தப்புதான்.

ஒரு தட்டா, இரண்டா?

செண்பகம்

*

முத்தையாபுரம்
17 செப்டம்பர் 2025

ஐஸ்வர்யா அப்பாவுக்கு,

ஜூலை போயிற்று, ஆகஸ்ட் போயிற்று. உங்களிடமிருந்து தாளும் இல்லை, தட்டும் இல்லை. பெனிஸ்டனிடம் ஐஸ்வர்யா விசாரித்தாள். "அண்ணாச்சி நல்லாத்தான் இருக்காரு, ஆனா ஜோக் அடிக்க மாட்டேங்காரு, அதான் பயமா இருக்கு" என்றானாம்.

தோணி விட்டாயிற்று. இதைப் படம் பிடித்து ஒரு நிமிடத்தில் அனுப்பியிருக்கலாம். சில விஷயம் மெதுவாக வரட்டும் என்று ஜீவமணி அண்ணனிடமே கொடுக்கிறேன்.

உங்கள் ஆலைச் சம்பவத்துக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. (நிஜமாகவே.) 412-ல் பொட்டு இருந்தால் மற்றதில்? ஆயிரத்து நூற்று நாற்பது கோப்பையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். திரையில் சந்தேகம் வந்ததை எல்லாம் பாலிடெக்னிக் பிரிண்டரில் அச்சடித்துக் கையால் தடவிப் பார்த்தேன். உங்கள் கட்டைவிரலின் வழிதான் சரி. பொட்டு வைத்த புஷ், பட்டை போட்ட பிளாஞ்சு, நெற்றி நிறைய சந்தனத்தோடு ஒரு வால்வு. எல்லாவற்றையும் கோப்பில் துடைத்துவிட்டேன். ஆனால் அச்சடித்த அந்தப் பொட்டுச் சாமான்களை வெளியே எறிய மனம் வரவில்லை. ஒன்றை எறிந்து ஒன்றை வைத்தால் சங்கடப்படும் அல்லவா.

அவற்றை எடுத்து மூணாவது ராக்கில் வைத்தேன். பச்சை, மஞ்சள், சிவப்பு, கையில் கிடைத்த நிறமெல்லாம். கூடவே அச்சடிக்க முடியாதவை என்று சில உண்டு: ரப்பர் சீல், பேரிங். அவை எல்லாவற்றிலும் இரண்டிரண்டு வாங்கி அறுபது டின்னில் அடுக்கினேன். அதற்குப் பெயர் "இருக்கட்டும்". தரையிலிருந்து அல்ல, வெள்ளம் ஏறிய கோட்டுக்கு ஒரு முழம் மேலே, சுவரில் ராக்கை அடித்து.

நேற்றுச் சுடலைமாடன் கோயிலுக்குப் போய் உங்கள் சத்தியத்தை வாசகம் வாசகமாக நினைத்துப் பார்த்தேன். "மூணாவது ராக் மறுபடி நிறையுத வரைக்கும்" என்றுதான் சொன்னீர்கள். பித்தளையால் என்று சொல்லவில்லை. பூசாரியும் ஒப்புக்கொண்டார்.

மூணாவது ராக் நிறைந்துவிட்டது. கை நுழைய இடம் இல்லை.

அக்டோபர் ஒன்றாம் தேதி ஆயுதபூஜை. சந்தனக் கட்டையை எடுத்து வைத்திருக்கிறேன். இந்தத் தடவை ஷட்டருக்கும் மேஜைக்கும் மட்டும்தான்.

செண்பகம்

*

பழைய துறைமுகம் எதிரே, டீக்கடை
30 செப்டம்பர் 2025

ஏளா செண்பகம்,

திருவனந்தபுரத்தில் இறங்கி, பஸ் மாறி, காலையிலேயே ஊருக்கு வந்துவிட்டேன். நேரே வீட்டுக்கு வர வேண்டியவன் இங்கே மூன்றாவது டீயில் இருக்கிறேன். ஜீவமணி எதிரே உட்கார்ந்து, "ஏலே, கடல் தாண்டி வந்துட்ட, முத்தையாபுரம் தாண்ட மாட்டேங்கியே" என்று மானத்தை வாங்குகிறான். ஆறரை மாதம் சும்மா கிடந்த வாய். உன்னைப் பார்த்ததும் முதலில் எந்தச் சொல் வரும் என்று எனக்கே தெரியவில்லை. ஏதாவது வேடிக்கையாகச் சொல்லித் தொலைத்துவிடுவேனோ என்று பயம்.

உன் ஜூன் கடிதத்துக்குப் பதில் எட்டுத் தரம் ஆரம்பித்தேன். எட்டுத் தரமும் முதல் வரியிலேயே ஒரு ஜோக் வந்து குந்திக்கொண்டது. கிழித்துப் போட்டேன். ஜோக் இல்லாமல் எனக்கு எழுத வராது என்று அப்போதுதான் தெரிந்தது. அதனால் இப்போது குட்டையாகவே எழுதிவிடுகிறேன்.

நீ கயிற்றை இழுத்தது எனக்குத் தெரிந்தது. மூன்று தரமும் தெரிந்தது. அவிழ்த்தது மாட்டிக்கொண்டதால் இல்லை. ஏழாம் டின்னுக்குக் கயிறு எட்டவில்லை, அதனால். வெளியே வந்து உன் முகத்தைப் பார்த்தேன். பார்த்த உடனே கதையாக்கிவிட்டேன். கதையாக்காவிட்டால் அந்த முகத்தை நான் தினமும் பார்க்க வேண்டியிருந்திருக்கும்.

தீவில் மத்தியானங்களில் கரையில் படுத்திருப்பேன். அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எது தண்ணீர், எது வானம் என்று தெரியாது. இடுப்பில் ஒரு கயிறு இருக்கிற மாதிரியே இருக்கும். யாரோ தூரத்தில் இழுக்கிற மாதிரி. நான் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். லுங்கி முடிச்சுதான்.

பச்சைச் சக்கரம் கொண்டுவந்திருக்கிறேன். மூணாவது ராக்கில் கை நுழைய இடம் இல்லை என்கிறாய். இதற்கு மட்டும் கொஞ்சம் தள்ளி இடம் பண்ணு. ஆலையில் இப்போது நாலு அச்சடித்து வைத்திருக்கிறார்கள். நான் இல்லாமல் ஓடும்.

கடிதத்தோடு ஜீவமணி பைக்கில் முன்னால் வருகிறான். டீ கேட்பான். கொடுக்காதே, மூன்று குடித்துவிட்டான். நான் பின்னால் டவுன் பஸ்ஸில் வருகிறேன்.

நீ இதைப் படித்து மடித்து வைக்கும்போது கதவு தட்டும். காதைக் கொடுத்துக் கேள். ஒரே ஒரு தட்டு. இரண்டாவதுக்காகக் காத்திருக்காதே.

தங்கதுரை